இரண்டு மூங்கிலும் ஒரு கானாங்கோழியும்

இன்று காலை பண்ணைக்குக் கருவாட்டுத் தூள் மூட்டைகள் வந்து இறங்கின. லோடு இறக்கியவர்கள் துண்டால் மூக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் இறக்கினார்கள். தீவனம் அரைக்கிற கொட்டகையில் தொடங்கி வீட்டுச் சமையலறை வரைக்கும் அந்த வாடை. நான் மூக்கைப் பொத்தவில்லை. பொத்தத் தோன்றவில்லை என்பதுதான் சரி. நீ போன பிறகு பல காரியங்கள் இப்படித்தான் ஆகிவிட்டன.

நீ இருந்திருந்தால் மூட்டைக்குப் பக்கத்தில் போய் நின்று மூச்சை நன்றாக இழுத்துவிட்டு, "எங்க ஊட்டு வாசம்ங்க அக்கா" என்றிருப்பாய். உன் ஊரில் காலைச் சோற்றுக்கே கருவாடு வறுப்பார்களாம். பிலிப்பைன்ஸில் ஏதோ ஒரு தீவில் பிறந்தவள் நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணையில் நின்றுகொண்டு 'ஊடு' என்று சொல்வதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். சிரித்தால் நீயும் சேர்ந்து சிரிப்பாய், எதற்கென்று தெரியாமலே.

என் கொழுந்தனார் வளைகுடாவில் வேலை பார்த்த இடத்தில் நீ நர்ஸ். கல்யாணத்தைப் பதிவு செய்துகொண்டு, வயிற்றில் இனியாவோடு உன்னை அவர் இங்கே கூட்டி வந்தபோது, ஓரகத்தி என்று ஒருத்தி வருவாள் என்று காத்திருந்த நான் உன்னை எப்படிக் கூப்பிடுவது என்றே தெரியாமல் நின்றேன். நீதான் முதலில் "அக்கா" என்றாய், நானும் பிள்ளையைக் கூப்பிடுவதுபோல் "சாமி" என்றேன். உங்கள் பாஷையில் பெரியவர்களிடம் பேசும்போது மரியாதைக்கு ஒவ்வொரு பேச்சுக்கும் பின்னால் 'போ' சேர்க்க வேண்டுமாம். முதல் மாதம் முழுக்க நம் மாமனாரிடம் "ஆமா போ, சரி போ" என்றாய். "இந்தப் புள்ள என்னைய எங்க போகச் சொல்லுது?" என்று மாமா என்னிடம் வந்து கேட்டார். எங்கள் 'ங்க' உனக்குக் கைவந்த பிறகுதான் அவருக்கு நிம்மதி.

நான் எழுத உட்கார்ந்தது அந்த மூங்கில்களைப் பற்றி. அதைச் சொல்லிவிடுகிறேன்.

இனியா ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது பள்ளி ஆண்டு விழாவுக்கு உங்கள் ஊர் ஆட்டம் ஒன்றைக் கற்றுத்தருவதாக டீச்சரிடம் ஒப்புக்கொண்டு வந்தாய். திக்லிங் என்று ஒரு பறவையாம், அதைப் போல ஆடுவதால் ஆட்டத்துக்குத் தினிக்லிங் என்று பெயராம். கொல்லிமலை அடிவாரத்திலிருந்து பச்சை மூங்கில் இரண்டை முட்டை வண்டியில் போட்டுக்கொண்டு வந்து வாசலில் இறக்கினாய். இரண்டு முனையிலும் குறுக்கே ஒவ்வொரு சவுக்குக் கட்டையைப் போட்டு, அதன்மேல் மூங்கில்களை இணையாகப் படுக்க வைத்தாய். ஒரு முனையில் என்னை உட்கார வைத்தாய். இரண்டு முறை கட்டையில் தட்ட வேண்டும், மூன்றாவதாக மூங்கிலோடு மூங்கிலைச் சேர்த்து அடிக்க வேண்டும். அக்கம்பக்கத்துப் பெண்கள் இதென்ன கூத்து என்று சுற்றி வந்து நின்றார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் மாமா நாமக்கல்லிலிருந்து மொபெட்டில் வந்தார். வாசலில் கூட்டம். நடுவில் இரண்டு பச்சை மூங்கில், குறுக்கே கட்டை. பக்கத்தில் மூங்கிலைக் கட்டி வந்த கயிறு. மொபெட்டை நிறுத்தக்கூட இல்லை, அப்படியே கீழே போட்டுவிட்டார். "ஆருங்க? ஆரு போனது?" என்று கேட்டுக்கொண்டே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். கூட்டத்தில் இருந்த ஒருத்தி, "ஆரும் போகலீங்க, ஆடப் போறாங்க" என்றாள். அவருக்கு அது காதில் ஏறவே இல்லை. என் வீட்டுக்காரர், கொழுந்தனார், இனியா என்று ஒவ்வொருவராகக் கண்ணால் தேடி, எல்லோரையும் பார்த்து முடித்த பிறகுதான் எழுந்தார். எழுந்ததும் ஒரு மூங்கிலைக் காலால் எட்டி உதைத்தார்.

"பொழுது சாயற நேரத்துல ஊட்டு வாசல்ல இதையக் கொண்டாந்து போடறீங்களே, உங்களுக்கெல்லாம் புத்தி இருக்குதா?"

உனக்கு ஒன்றும் புரியவில்லை. சமையலறைக்குள் கூட்டிப் போய், எங்கள் ஊரில் பச்சை மூங்கில் ஜோடியாக வாசலுக்கு வந்தால் அது பாடை கட்டத்தான் என்று சொன்னேன். நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டாய். "எங்கூர்ல மூங்கிலைத் தாண்டுவோமுங்க அக்கா. உங்கூர்ல அது மேல படுத்துக்குவீங்களா?" என்றாய். அடுப்பில் பால் பொங்கி வழிகிற வரைக்கும் இரண்டு பேரும் சிரித்தோம்.

அதற்குப் பிறகு பயிற்சியெல்லாம் கோழி ஷெட்டுக்குப் பின்னால் நடந்தது. கூண்டுக்குள்ளிருந்து கோழிகள் கழுத்தை நீட்டிப் பார்க்கும். கொழுந்தனார் ஒரு முனை, நான் ஒரு முனை. நடுவில் நீ செருப்பில்லாமல், சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு. மூங்கில் சேருகிற நொடியில் உன் கால் அங்கே இருக்காது. எப்படி என்று கேட்டால், "காலைப் பாக்கக் கூடாதுங்க. நேரா பாக்கோணும், காதுல கேக்கோணும்" என்பாய். ஒரு தடவை நானும் உள்ளே இறங்கினேன். இரண்டாவது எட்டிலேயே மூங்கிலை மிதித்துவிட்டு, தரை மேடும் பள்ளமுமாக இருக்கிறது என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தப் பழமொழியை உனக்குச் சொல்லிக்கொடுத்ததுதான் தப்பு, பிறகு நான் தோசையைக் கருக்கினாலும் கூடம் கோணலா என்று கேட்பாய். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று மாமா பார்த்துக்கொண்டிருந்ததை நீ கவனித்தாயா என்று எனக்குத் தெரியாது. நான் கவனித்தேன்.

இந்த ஆட்டம் எங்கிருந்து வந்தது என்பதை நீ எனக்குக் காட்டியது ஒரு ஐப்பசி மழைக்குப் பிறகு. ஸ்கூட்டியில் ஏரிக்கரை மேல் வந்துகொண்டிருந்தோம். பின்னாலிருந்து என் தோளைப் பிடித்து உலுக்கி வண்டியை நிறுத்தச் சொன்னாய். கரைக்குக் கீழே நடவு முடிந்த வயலில் ஒரு கானாங்கோழி. குட்டை வாலை மேலே ஆட்டி ஆட்டி, ஒரு காலை எடுத்து நின்று யோசித்து, பிறகு அடுத்த காலை எடுத்து வைத்துப் போனது. நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற பறவை. நின்று பார்த்ததில்லை.

"அதே குருவி இல்லீங்க அக்கா. எங்கூரு திக்லிங்குக்கு இவ சொந்தக்காரி."

உங்கள் தீவிலும் நெல்தானாம். நெல்லைத் தின்ன வரும் பறவையைப் பிடிக்கக் குடியானவர்கள் மூங்கிலில் பொறி வைப்பார்களாம். திக்லிங் காலைத் தூக்கித் தூக்கி வைத்து, பொறியில் மாட்டாமல் தாண்டிப் போய்விடுமாம். வைத்தவர்களுக்கே அதைப் பார்த்துச் சிரிப்பு வந்து, சாயங்காலம் வீட்டில் அதைப் போலவே நடந்து காட்டி, அப்படித்தான் ஆட்டம் பிறந்ததாம். சொல்லி முடித்துவிட்டு, "உங்க கோழிக்குக் கால் எதுக்குங்க அக்கா?" என்று கேட்டாய். நானும் யோசித்தேன். கோழியால் சோறு தின்கிற குடும்பம், கூண்டுக்கு வெளியே நடக்கிற கோழியைப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

இந்தக் கதையைத்தான் நீ இனியாவுக்கும் சொல்லி வளர்த்தாய்.

எனக்கு மட்டும் இன்னொன்று சொன்னாய். திருச்செங்கோட்டில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்த மத்தியானம் அது. மண்டபத்தில் பெண்கள் உன்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். "நாய்க்கறி திம்பீங்களாமா?" என்றாள் ஒருத்தி. "உங்க சாமிக்குத் தாலியெல்லாம் உண்டுங்களா?" என்றாள் இன்னொருத்தி. இனியாவின் முகத்தைத் திருப்பிப் பார்த்து, "நல்லவேளை, மூக்கு நம்ம பக்கம் வந்துருச்சு" என்றாள் ஒரு பெரியம்மா. நீ ஒவ்வொருவருக்கும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாய். ஒரு வார்த்தைகூடத் தடுமாறவில்லை. நான்தான் இலையில் வைத்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

வீட்டுக்கு வந்து பட்டுச் சேலையை மாற்றிவிட்டு முட்டை அறைக்கு வந்தாய். உடைசல் முட்டையைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டே, "அந்த ஆட்டத்துக்கு இன்னொரு கதை இருக்குதுங்க அக்கா" என்றாய்.

ஸ்பெயின்காரர்கள் உங்கள் தீவுகளை ஆண்ட காலத்தில், தோட்டத்தில் வேலை மெதுவாகச் செய்கிறவர்களை இரண்டு மூங்கிலுக்கு நடுவே நிறுத்துவார்களாம். இருபுறமிருந்தும் மூங்கிலைக் கணுக்காலில் அடிப்பார்களாம். அடி படாமலிருக்க அவர்கள் குதித்தார்களாம். குதித்துக் குதித்துத் தப்பிக்கப் பழகி, கடைசியில் அதுவே ஆட்டம் ஆயிற்றாம்.

"எது நெசம்?" என்று கேட்டேன்.

"ஆருக்குங்க தெரியும்? பள்ளிக்கூடத்துல குருவிக் கதை சொல்லுவாங்க. இது சமையக்கட்டுல பொம்பளைங்க சொல்லிக்கறது." கையிலிருந்த முட்டையை வெளிச்சத்தில் பிடித்து விரிசல் இருக்கிறதா என்று பார்த்தாய். "இன்னிக்கு மண்டபத்துல நான் அதைத்தானுங்க ஆடிட்டு வந்தேன். ஒரு அடிகூடப் படலை, பாத்தீங்களா?"

பார்த்தேன். உன் கை அட்டையில் முட்டையை அடுக்கிக்கொண்டே இருந்தது. இனியாவிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்றாய், அவளுக்குக் குருவி போதும் என்றாய். சரி என்றேன்.

போன வருஷம் மழைக்குப் பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்று எங்களுக்கு முன்னால் நீதான் சொன்னாய். சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்த அணுக்கள் குறைந்துகொண்டே போயின, டாக்டர்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தார்கள், ஒரு வாரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று நான் பந்தலுக்குச் சொன்னேன், வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தேன், கோழிக்குத் தண்ணீர் ஓடுகிறதா என்றுகூடப் போய்ப் பார்த்தேன். எனக்கு அழுகை வரவில்லை. வரும் என்று நினைத்துக் காத்திருந்தேன், வரவில்லை.

அன்று நடந்த ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டும். சர்ச்சிலிருந்து ஃபாதர் வந்து பெட்டிக்கு ஏற்பாடு செய்வதாகச் சொல்லிப் போயிருந்தார். பங்காளிகள் அதைக் கேட்காமல், சர்ச் வாசல் வரைக்காவது நம் முறைப்படி பாடையில்தான் போக வேண்டும் என்றார்கள். மூங்கில் வெட்டப் போன ஆள் திரும்பவில்லை. ஒருவர் ஷெட்டுக்குள் போய் உன் மூங்கில்களைத் தோளில் தூக்கி வந்து வாசலில் போட்டார். "ஊட்லயே கெடக்குதுங்க. காஞ்சதா இருந்தாலும் பரவால்ல" என்று அரிவாளை எடுத்தார்.

மாமா நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார்.

"அதைய வைங்க."

"ஏனுங்க, நேரமாவுதுங்க."

"அது ஆடற மூங்கி. அதுல ஆரையும் படுக்க வெக்கக் கூடாது."

அவரே இரண்டையும் தோளில் எடுத்துக்கொண்டு போய் ஷெட்டின் பரண்மேல் ஏற்றிவைத்துவிட்டு வந்தார். நீ பெட்டியில்தான் போனாய். உன் முறைப்படிக் கல்லறைத் தோட்டத்தில்தான் இருக்கிறாய்.

பிறகு ஒரு வருஷம். அது எப்படிப் போனது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கொழுந்தனார் கேட்டதற்கு மட்டும் பேசினார். நான் வேளாவேளைக்குச் சமைத்தேன். இனியா என் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். ஒருநாள் சூடான குழம்பு கையில் கொட்டிவிட்டது. கொப்புளம் வந்ததை மறுநாள் இனியா காட்டித்தான் பார்த்தேன். காலை மடக்கி நெடுநேரம் உட்கார்ந்து எழுந்தால் கால் யாருடையதோ போல இருக்கும் அல்லவா, உடம்பு முழுக்க எனக்கு அப்படித்தான் இருந்தது.

இந்த வருஷ ஆண்டு விழாவுக்கு இனியாவின் டீச்சர் அந்த ஆட்டத்தைக் கேட்டிருந்தார். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஆட வேண்டும், இனியா முன்னால் நிற்க வேண்டும். ஆடுவதற்கு முன் ஆட்டம் எப்படி உண்டாயிற்று என்று மைக்கில் அவளே சொல்ல வேண்டும். அவள் ஆசையாகத்தான் வந்து சொன்னாள். இரண்டு நாள் கழித்து, நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

"பெரிம்மா, போன்ல வேற மாதிரி போட்டிருக்குது. அடிச்சாங்களாமா. கால்லயே அடிச்சாங்களாமா."

நான் வெங்காயத்தைப் பார்த்தேன்.

"அம்மா என்கிட்ட குருவின்னு சொன்னாங்க. அம்மா பொய்யா சொன்னாங்க?"

உன்னிடம் கேட்க முடிந்தால் கேட்டிருப்பேன். நீ சொல்ல வேண்டாம் என்றதும் நான் சரி என்றதும் நினைவுக்கு வந்தன. "எனக்குத் தெரியில சாமி" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்று சாயங்காலம், தான் ஆடப் போவதில்லை என்று அவள் அப்பாவிடம் சொன்னாள். ஏன் என்று அவர் கேட்டதற்கு, "எது நெசம்னு தெரியாம நான் என்னத்த சொல்றது?" என்றாள். உன் ஆட்டம் உன்னோடு போய்விடும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்தும் நான் எழுந்து போய்த் துணி மடித்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாமா பரணிலிருந்து மூங்கிலை இறக்கி ஷெட்டுக்குப் பின்னால் போட்டிருந்தார். துடைக்கக்கூட இல்லை. மூங்கில் முழுக்கத் தீவனத் தூசி, கருவாட்டு வாடை. கவிழ்த்த முட்டைப் பெட்டி மேல் அவர் ஒரு முனையில் உட்கார்ந்துகொண்டு, "டேய், வந்து அக்கட்ட புடி" என்று கொழுந்தனாரைக் கூப்பிட்டார். அவர் வந்து பிடித்தார். இனியா தூரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"வா சாமி. ஆடறதுக்குத்தான எடுத்து வெச்சது" என்றார் மாமா.

"நான் வரலீங்க அப்பாரு" என்றாள் தாத்தாவிடம்.

எனக்கு என்ன தோன்றியது என்று இப்போதும் தெரியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் உள்ளே இறங்கினேன். இந்த வயதில், இந்த உடம்போடு. கட்டையில் இரண்டு தட்டு, பிறகு மூங்கில் சேர்கிற சத்தம். நான் குனிந்து காலைப் பார்த்துக்கொண்டே குதித்தேன். நீ பார்த்திருந்தால் கூடம் கோணலா என்று கேட்டிருப்பாய். மாமாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"காலைப் பாக்காதீங்க பெரிம்மா. நேரா பாக்கோணும். காதுல கேக்கோணும்."

இனியாதான் சொன்னாள். ஆனால் குரல் உன்னுடையது. கொழுந்தனார் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அதில் கை தப்பிவிட்டது. மூங்கில் என் கணுக்கால் எலும்பில் வந்து விழுந்தது.

அப்படி ஒரு வலி. உயிர் போகிற வலி. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தவள் அழ ஆரம்பித்தேன். ஐயோ என்று வாய்விட்டு, ஊர் கேட்கிற மாதிரி. கொழுந்தனார் பயந்துபோய், "அண்ணி, எலும்பு கிலும்பு ஒடைஞ்சு போச்சுங்களா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். அவரும் மூங்கிலை விட்டுவிட்டு அங்கேயே முகத்தைப் பொத்திக்கொண்டார். மாமா மட்டும் தன் முனையை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இனியா ஓடிப்போய் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் காலை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அடிச்சாங்கன்னா இப்பிடித்தானுங்க வலிச்சிருக்கும்?"

"ஆமா சாமி."

"அம்மாவுக்கு அது தெரியுமுங்களா?"

"தெரியும். என்கிட்டச் சொன்னா. உனக்குக் குருவியக் குடுத்தா, எனக்கு இதையக் குடுத்தா. பொய் சொல்லலை சாமி, பங்கு பிரிச்சுக் குடுத்துருக்கறா."

அவள் ஐஸ் கரைகிற வரைக்கும் அழுத்திக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து, துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு மூங்கிலுக்கு நடுவே போய் நின்றாள். "அப்பா, புடிங்க" என்றாள்.

ஆண்டு விழா போன வாரம் நடந்தது. மைக் அவள் உயரத்துக்கு மேல் இருந்தது, டீச்சர் வந்து இறக்கிவைத்தார். அவள் சொன்னதை அப்படியே உனக்குச் சொல்கிறேன். "எங்க அம்மா ஊர்ல வயல்ல ஒரு கானாங்கோழி இருக்குதுங்க. பொறி வெச்சாலும் மாட்டாம காலைத் தூக்கித் தூக்கிப் போயிரும். அந்த ஊரு சனங்களை வெளியூர்க்காரங்க வந்து மூங்கில்ல அடிச்சாங்க. அப்ப அவங்களுக்கு அந்தக் கானாங்கோழி நெனப்பு வந்துச்சு. அதே மாதிரி காலைத் தூக்கிக்கிட்டாங்க. அதுதானுங்க இந்த ஆட்டம்."

இப்படி ஒரு கதையை நீ யாருக்கும் சொன்னதில்லை. போனிலும் இருக்காது என்று நினைக்கிறேன். பிறகு ஆடினாள். ஒரு தடவைகூடக் காலைப் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்தில் மாமா தொடையில் தட்டிக்கொண்டிருந்தார், இரண்டு தட்டு, ஒரு சேர்ப்பு, தாளம் தப்பவே இல்லை.

மூங்கில் இப்போது பரணில் இல்லை. சிரமம் இல்லாமல் எடுக்கிற மாதிரி ஷெட்டுச் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கிறோம். வாசலில் வைத்தாலும் இனி யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்று தோன்றுகிறது. மற்றபடி எதுவும் பெரிதாக மாறிவிடவில்லை. காலையில் எழுந்தால் கை பாட்டுக்கு வேலை செய்கிறது, மனசு பாட்டுக்கு எங்கோ கிடக்கிறது. கருவாட்டுத் தூள் மூட்டைகளை எண்ணி உள்ளே வைக்கச் சொல்லிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அந்தக் கணுக்காலில் அடிபட்ட இடம் முதலில் நீலமாக இருந்தது. இப்போது ஓரமெல்லாம் மஞ்சளாகி வருகிறது. சீக்கிரம் மறைந்துவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். குளிக்கும்போது தினமும் அதைக் கட்டை விரலால் அழுத்திப் பார்க்கிறேன்.

வலிக்குது சாமி. இன்னும் நல்லா வலிக்குது.